கச்சான் காற்றும் டபுள் சஸ்பென்ஷன் சைக்கிளும்

ராமநாதபுரத்திலும் ராமேஸ்வரத்திலும் விடிகாலையில் சைக்கிள் மிதிக்கிற கூட்டம் கூடிவிட்டது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த மலை சைக்கிளைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். சிலவற்றின் விலைக்கு ஒரு நல்ல மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். ஆறு மாதம் போனால் அதே சைக்கிள் கிறீச் கிறீச்சென்று கத்திக்கொண்டு வருகிறது. கேட்டால், "கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிறபடிதானே எல்லாம் செய்தேன்" என்கிறார்கள். செய்திருப்பார்கள். அந்தப் புத்தகம் பேசுவது மணிக்கணக்கு. ஐம்பது மணி நேரம் ஓட்டினால் இந்த வேலை, நூறு மணி நேரம் ஓட்டினால் அந்த வேலை என்று அட்டவணை போட்டிருக்கும். நம் கடற்கரையில் சைக்கிள் ஓடித் தேய்வது குறைவு, நின்று கெடுவதுதான் அதிகம். வீட்டில் சாத்திவைத்த சைக்கிளுக்கு மணிக்கணக்கு ஏறாது, உப்பு ஏறும்.

இந்த உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று சந்தேகம் இருந்தால் மண்டபம் போய்ப் பாருங்கள். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வகத்தின் அரிப்பு ஆய்வு நிலையம் அங்கேதான் இருக்கிறது. உலோகம் எவ்வளவு வேகமாக அரிபடும் என்று கண்டுபிடிக்க இதைவிடத் தோதான காற்று வேறெங்கே கிடைக்கும்? 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குப் பராமரிப்பு வேலை ஓய்ந்ததே இல்லை. 2022 டிசம்பரில் அதில் ரயிலையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கே அந்தக் கவலை என்றால், சுண்டுவிரல் மொத்தத்து பேரிங் வைத்த உங்கள் சைக்கிள் எம்மாத்திரம்?

கீழே வரிசை எண் போட்டுச் சொல்கிறேன். எல்லா எண்ணும் ஒரே எடை இல்லை. மூன்றையும் எட்டையும் பிடித்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியதாக வைத்துக்கொள்ளலாம்.

1. முதலில் உங்களிடம் இருப்பது என்ன சைக்கிள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடையில் "டபுள் ஷாக்" என்று சொல்லி விற்பதில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, பின்னால் ஒரு தடித்த ஸ்பிரிங்கை மாட்டி, இரும்பு பிரேமை ஒரு போல்ட்டிலும் பிளாஸ்டிக் புஷ்ஷிலும் ஆடவிட்டது. அந்த ஸ்பிரிங்கை அமுக்கி விட்டால் பந்து மாதிரி குதிக்கும். அதிர்ச்சியை அடக்க உள்ளே எண்ணெய் கிடையாது. அதற்கு ஷாக் சர்வீஸ் என்று ஒன்று இல்லை. புஷ்ஷை வருடம் ஒருமுறை மாற்றி, போல்ட்டுக்கு கிரீஸ் வைத்து, துருவைத் தேய்த்து பெயிண்ட் அடித்தால் போதும். இன்னொரு சாதி, காற்று அடைத்த ஷாக்கும் எண்ணெய் ஓடுகிற டாம்பரும் சீல் வைத்த பேரிங்கும் கொண்டது. அமுக்கினால் நிதானமாக எழும்பி வரும். நான் பேசுவது பெரும்பாலும் இரண்டாவதைப் பற்றி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக் கோடியில் இருக்கும் அரிச்சல்முனை வரைக்கும் 2017 முதல் நல்ல தார்ச்சாலை. அதில் போய்வர சஸ்பென்ஷனே வேண்டாம். அந்த சைக்கிளுக்கு உண்மையான வேலை இருப்பது உள்நாட்டில்தான். கண்மாய்க்கரை, பனங்காட்டு வண்டிப்பாதை, மழைக்குப்பின் காய்ந்து வெடித்த கரிசல் வரப்பு. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்கரையில் ஒருமுறை ஓட்டினால் எதற்குக் காசு கொடுத்தோம் என்று முதுகுக்குத் தெரியும்.

2. கடலில் இறக்காதீர்கள். அரிச்சல்முனையில் அலையில் சக்கரம் நனைய நிறுத்தி போட்டோ எடுப்பது ஒரு வழக்கமாகிவிட்டது. ஹப்பிலும் பெடல் அச்சிலும் இருக்கிற ரப்பர் சீல் மழைத்தண்ணீருக்கும் தூசிக்கும் செய்தது. வெயிலில் சூடேறிய ஹப்பை அலையில் வைத்தால், குளிர்ந்து சுருங்கும்போது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். போட்டோ வேண்டுமென்றால் ஈரமணலுக்கு மேலே நிறுத்தி, கடலைப் பின்னால் வைத்து எடுங்கள்.

3. கழுவுவது. இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கடலோரம் போய்வந்த சைக்கிளில் கண்ணுக்குத் தெரியாமல் உப்புப் படலம் படிந்திருக்கும். பிரேமில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள், தெரியும். காய்ந்துதானே இருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று தோன்றும். சமையல் உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். கடலுப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரமே போதும். நம் ஊரில் எந்த ராத்திரியில் ஈரப்பதம் அதற்குக் கீழே போகிறது? நீங்கள் தூங்கும்போது உங்கள் சைக்கிள் உப்புத்தண்ணீர் பூசிக்கொண்டு நிற்கிறது. விடிந்து வெயில் ஏறினால் காய்ந்த மாதிரி தெரியும். மறுபடி ராத்திரி நனையும். துரு ஓய்வெடுப்பதே இல்லை.

ஆகவே ஓட்டி வந்த அன்றைக்கே கழுவ வேண்டும். எந்தத் தண்ணீரில் என்பது அடுத்த கேள்வி. இந்த ஜில்லாவில் தண்ணீரின் அருமையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடிக்க வருகிற நல்ல தண்ணீரைக் குழாய் போட்டு ஊற்றச் சொல்லவில்லை. அதற்காகக் கிணற்றுச் சப்பைத் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பை வைத்த கதைதான். ஒரு வாளி நல்ல தண்ணீரும் மூன்று பழைய பருத்தித் துணியும் போதும். முதல் துணியை நன்றாக நனைத்து, பிழியாமல், மேலிருந்து கீழே ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் மணல் பெயிண்டை அறுக்கும். இரண்டாவது துணியைப் பிழிந்து மூட்டுகளிலும் போல்ட் தலைகளிலும் கேபிள் நுழைகிற ஓட்டைகளிலும் துடையுங்கள். மூன்றாவது உலர்ந்த துணி. அலன் போல்ட்டின் தலைக்குழியில் தண்ணீர் தேங்கும். அங்கே துணி நுனியை முறுக்கி விட்டு எடுங்கள். அந்தக் குழிதான் முதலில் துருப்பிடித்து, பிறகு அலன் கீ பிடிக்காமல் வழுக்கி, கடைசியில் போல்ட்டை டிரில் போட்டு எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோகும்.

வாட்டர் சர்வீஸ் கடைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். லாரிச் சேற்றைப் பெயர்க்கிற அழுத்தத்தில் அடித்தால், கடல் உள்ளே தள்ளாத உப்பையும் மணலையும் அந்த பம்ப் தள்ளிவிடும். கழுவியபின் சைக்கிளைத் தூக்கி நாலு தட்டுத் தட்டுங்கள். ஒளிந்திருக்கிற தண்ணீர் சொட்டும்.

4. கடலைப் பார்த்த திண்ணையில் நிறுத்தாதீர்கள். நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடுவது அதைவிட மோசம், ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். வீட்டுக்குள், காற்று நேராக அடிக்காத சுவரோரம், மேலே ஒரு பழைய பருத்திச் சேலை. இடம் இல்லை என்று வீட்டில் சண்டை வந்தால் சைக்கிளின் விலையைச் சொல்லாதீர்கள், அந்தச் சண்டை வேறு திசைக்குப் போய்விடும்.

5. செயினைத் துடைப்பதுதான் முக்கியம், எண்ணெய் விடுவது அதற்குப் பிறகு. கரகரவென்று சத்தம் வந்ததும் எண்ணெயை ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். மேலே ஈரப்பசை, அதில் தனுஷ்கோடி மணல். இரண்டும் சேர்ந்தால் சாணை பிடிக்கிற பசை தயார். முதலில் உலர்ந்த துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணியில் கறுப்பு வருவது குறையும்வரை சுற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு கண்ணியின் உருளை மேலும் ஒரே சொட்டு சைக்கிள் செயின் எண்ணெய். கால்மணி நேரம் ஊறவிட்டு வெளியில் இருப்பதையெல்லாம் துடைத்துவிடுங்கள். எண்ணெய்க்கு வேலை உருளைக்குள்ளே. வெளியில் மினுமினுப்பது மணலுக்குப் போட்ட வரவேற்புக் கோலம். தேங்காய் எண்ணெய், பைக்கில் வடித்த பழைய இன்ஜின் ஆயில் இரண்டையும் கிட்டே கொண்டுவராதீர்கள்.

செயின் நீண்டுவிட்டதா என்று பார்க்கத் தனிக் கருவி இல்லையென்றால் பள்ளிக்கூடத்து இரும்பு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் 24 பின் தள்ளி வருகிற பின்னின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளி நின்றால் அரை சதவீதம் நீண்டுவிட்டது என்று பொருள். பதினொன்று, பன்னிரண்டு கியர் செயினை அப்போதே மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு வரைக்கும் விட்டால் பின்பல் கேசட்டையும் சேர்த்து மாற்ற நேரும், அதன் விலையைக் கேட்டபிறகு ஸ்கேலின் அருமை தெரியும்.

6. சஸ்பென்ஷனுக்குக் காற்று. உங்கள் உடம்பு எடைக்கு அது எவ்வளவு அமுங்கி நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பின் ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதைச் சீல் வரைக்கும் தள்ளி வைத்துக்கொண்டு, வழக்கமாக ஓட்டும் உடுப்போடும் தண்ணீர் பாட்டிலோடும் ஏறி உட்காருங்கள். ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளட்டும். குதிக்காமல் மெதுவாக இறங்கி, வளையம் எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். ஷாக் முழுவதும் அமுங்கும் தூரம் 50 மி.மீ. என்றால், 12 முதல் 15 மி.மீ. அமுங்கியிருந்தால் சரி. அதாவது கால் பங்கிலிருந்து முப்பது சதவீதம். முன் ஃபோர்க்குக்கு 15 முதல் 20 சதவீதம், 120 மி.மீ. ஃபோர்க் என்றால் 18 முதல் 24 மி.மீ. கம்பெனி புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், இந்த விஷயத்தில் புத்தகம் சொல்வது சரி.

இதற்குத் தனி ஷாக் பம்ப் வேண்டும். பங்சர் கடை கம்ப்ரசரை அதில் வைக்கவே கூடாது. உள்ளே இருப்பது ஒரு உள்ளங்கைக் காற்று, அழுத்தமோ டயரைப்போலப் பல மடங்கு. பம்ப்பை மாட்டியதும் முள் முன்பு வைத்த அளவைவிடக் குறைவாகக் காட்டும். காற்று இறங்கிவிட்டது என்று பதறாதீர்கள். பம்ப்பின் குழாய்க்குள் கொஞ்சம் காற்று போய் நிரம்புவதுதான் காரணம். தேவையான அளவுக்கு அடித்துவிட்டுக் கழற்றுங்கள். கழற்றும்போது வரும் புஸ் சத்தம் பம்ப்பில் இருந்த காற்று, ஷாக்கில் இருந்தது அல்ல.

7. ஃபோர்க்கின் பளபளக்கும் மேல்குழாயும் பின் ஷாக்கின் தண்டும் சைக்கிளின் கண்மணி. அதில் ஒரு கீறல் விழுந்தால் சீல் கிழியும், எண்ணெய் கசியும். ஓட்டி வந்ததும் மெல்லிய துணியால் சீலைச் சுற்றியிருக்கும் மணல் வளையத்தை எடுங்கள். டபிள்யூ.டி.40 அடித்தால் வழவழப்பாக இருக்கிறதே என்று அடிக்காதீர்கள். அது உள்ளே இருக்கிற கிரீஸைக் கரைத்துவிடும்.

ஃபோர்க்கின் கீழ்க்கால்களைக் கழற்றி, சீலையும் பஞ்சு வளையத்தையும் சுத்தம் செய்து, சில மில்லிலிட்டர் புது எண்ணெய் விடுகிற வேலையைத்தான் ஐம்பது மணிக்கு ஒருமுறை என்று எழுதியிருப்பார்கள். நம் ஊருக்கு என் கணக்கு வேறு: ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று ஓய்ந்ததும் ஒன்று, வடகிழக்கு வாடை மழை ஓய்ந்ததும் ஒன்று. பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். பின் ஷாக்கில் காற்று அடைக்கிற மேல்சட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்வது வரைக்கும்கூடக் கற்றுக்கொள்ளலாம், முதலில் காற்றை முழுதாக இறக்கிவிட்டு. அதற்குமேல் டாம்பரைத் தொடாதீர்கள். பல ஷாக்குகளின் உள்ளறையில் நைட்ரஜன் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது, திறந்தால் முகத்தில் அடிக்கும். அது பெருநகரத்து சஸ்பென்ஷன் சர்வீஸ்காரர் வேலை.

8. மூட்டுகள். சாதாரண சைக்கிளில் இல்லாத, டபுள் சஸ்பென்ஷனில் மட்டும் இருக்கிற வேலை இது. பின்சட்டம் ஆடுகிற ஒவ்வொரு இடத்திலும் பிவட் பேரிங் இருக்கிறது. சக்கரத்துப் பேரிங் முழுதாகச் சுற்றும், அதனால் கிரீஸ் எல்லாக் குண்டுக்கும் போய்ச் சேரும். பிவட் பேரிங் சுற்றவே சுற்றாது. சில டிகிரி முன்னும் பின்னும் அசையும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அதே குண்டு, அதே இடத்தில். கிரீஸ் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிவிடும், உப்பு ஈரம் அங்கே வந்து உட்காரும், குண்டு உருளும் பாதையில் குழி விழும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

மலை சைக்கிள் பிறந்த கதையிலேயே கிரீஸ் இருக்கிறது. 1976-ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் பகுதி மலையில், சில இளைஞர்கள் பழைய, தடித்த டயர் சைக்கிள்களில் மேலிருந்து கீழே பந்தயம் விட்டார்கள். பின்ஹப்பிலேயே பிரேக் இருக்கிற சைக்கிள்கள் அவை. ஒருமுறை இறங்கினால் ஹப் புகைந்து கிரீஸ் எரிந்துபோகும். அடுத்த இறக்கத்துக்கு முன்னால் கழற்றிப் புது கிரீஸ் அடைத்தாக வேண்டும். அவர்களுக்கு சூடு தின்றது, நமக்கு உப்பு தின்கிறது. மருந்து ஒன்றுதான்.

சோதிப்பது இப்படி. சைக்கிளைச் சுவரில் சாய்க்காமல் நேராக நிறுத்தி, சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன "டக்" கையில் தட்டினால் எங்கோ லூஸ் இருக்கிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு விரல் வைத்துக்கொண்டு பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் எந்த மூட்டு என்று விரலுக்கே தெரியும். முழுச் சோதனைக்கு, பின் ஷாக்கின் ஒருமுனை போல்ட்டைக் கழற்றி, பின்சட்டத்தைக் கையால் ஏற்றி இறக்குங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. மணலை அரைக்கிற மாதிரி நெருடினால் அந்தப் பேரிங்கைத் திறக்க வேண்டும்.

திறப்பதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. பேரிங்கின் ரப்பர் மூடியின் உள்விளிம்பில் தையல் ஊசியை நுழைத்து நெம்பினால் எழும்பி வந்துவிடும். உள்ளே செம்மண் நிறத்தில் குழம்பு இருந்தால் பேரிங் போய்விட்டது, மாற்றுங்கள். கறுத்த கிரீஸ்தான் என்றால் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் கழுவி, நன்றாகக் காயவிட்டு, தண்ணீரில் கரையாத மரைன் கிரீஸை முழுக்க அடையுங்கள். வேகமாகச் சுற்றுகிற ஹப்பில் முழுக்க அடைத்தால் கனக்கும். இங்கே அசைவே சில டிகிரிதான், ஆகவே இடம் விடாமல் அடைக்கலாம். படகு இன்ஜின் உதிரிபாகம் விற்கிற கடையில் அந்த கிரீஸ் கிடைக்கும். பாம்பனிலும் மண்டபத்திலும் விசைப்படகுக்காரர்களுக்கு இதெல்லாம் புதிது அல்ல.

திருப்பி மாட்டும்போது போல்ட்டில் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பெரும்பாலும் பொறித்திருக்கும். டார்க் ரென்ச் வைத்து அந்த அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். "கை அளவு தெரியும்" என்பது இரும்பு சைக்கிள் காலத்துப் பேச்சு, அலுமினிய மரை மன்னிக்காது. நீல நிறத் திரெட்லாக் மரைக்கு, கிரீஸ் பேரிங் உட்காரும் இடத்துக்கு. மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

9. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புத்தண்ணீர் சேர்ந்தால் அது சின்ன பேட்டரி. தேய்வது அலுமினியம். வெள்ளைப் பொடி பூத்திருந்தால் இதுதான் காரணம். சீட் குழாய் பிரேமுக்குள்ளே ஒட்டிக்கொண்டு, கூடுதல் குழாய் மாட்டி முறுக்கினாலும் வராமல், கடைசியில் அறுத்து எடுத்த சைக்கிள்கள் உண்டு. மாதம் ஒருமுறை சீட்டை முழுதாக உருவி, துடைத்து, கிரீஸ் தடவி மறுபடி வையுங்கள். கார்பன் குழாய் என்றால் கிரீஸ் கூடாது, அதற்கென்று ஒரு பசை இருக்கிறது. பெடலையும் இதே மாதிரி கழற்றி மாட்டுங்கள். இடதுபக்கப் பெடலுக்கு எதிர்மரை என்பதை மறந்து பலம் காட்டினால் கிராங்க் போகும். பாட்டில் ஸ்டாண்ட் போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிக்கொள்ளலாம். ஷாக், பிவட், ஹேண்டில்பார் போல்ட்டுகளுக்குப் பதிலாக ஹார்டுவேர் கடையில் அளவு பார்த்து வாங்கிப் போட வேண்டாம், அந்த போல்ட்டின் பலம் வேறு.

10. டிஸ்க் பிரேக்கில் எண்ணெய் படவே கூடாது. ராத்திரியில் டிஸ்க் தட்டில் மெல்லிய துரு பூத்தால் பயப்படாதீர்கள், நாலு பிரேக்கில் போய்விடும். அதற்காக ஸ்ப்ரே அடித்தால் பேடு வீண். துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போதும். பேடின் உராயும் பாகம் அரை மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். ஹைட்ராலிக் என்றால் லீவர் மூடியில் டாட் ஆயிலா, மினரல் ஆயிலா என்று எழுதியிருப்பதைப் பார்த்து அதையே விடுங்கள். ஒன்றுக்கு மற்றது விட்டால் உள்ளே இருக்கும் ரப்பரெல்லாம் ஊதிவிடும். டாட் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், நம் ஊரில் வருடம் ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் ஹேண்டில்பாரில் வையுங்கள். டிஸ்க்கில் பொட்டு வைத்துவிட்டு மறுநாள் பிரேக் பிடிக்கவில்லை என்று வராதீர்கள்.

11. சீமைக்கருவேல முள்ளுக்குப் பரிகாரம் டியூப்லெஸ். வேறு எந்த ஊருக்கு வேண்டாமென்றாலும் ராமநாதபுரத்துக்கு இது வேண்டும். உள்ளே ஊற்றுகிற சீலன்ட் பால் முள் குத்திய ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆனால் வெக்கையில் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆறு மாதம் வரும் என்று பாட்டிலில் எழுதியிருந்தால் இரண்டு மாதத்தில் திறந்து பாருங்கள். டயரைக் காதருகே வைத்து ஆட்டினால் சலசலக்க வேண்டும். சத்தமே இல்லை என்றால் உள்ளே ரப்பர் உருண்டைதான் மிச்சம்.

டியூப் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. பங்சர் ஒட்டியபின் அப்படியே மாட்டிவிடாதீர்கள். முள்ளின் நுனி ஒடிந்து டயருக்குள் இருக்கும், விரலுக்குக்கூட அகப்படாது. கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் சுற்றிலும் தடவுங்கள். பஞ்சு எங்கே இழை விட்டு மாட்டுகிறதோ அங்கே முள். மூக்குக் குறடால் பிடுங்கிவிட்டு மாட்டுங்கள்.

12. வாங்க வேண்டிய சாமான்: நல்ல அலன் கீ செட், சின்ன டார்க் ரென்ச், ஷாக் பம்ப், செயின் எண்ணெய், மரைன் கிரீஸ். மற்றதெல்லாம் தேவை வரும்போது.

13. பழைய சைக்கிள் கடைக்காரரை மதியுங்கள். உங்கள் ஷாக்கை அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். வீல் கோட்டம் எடுப்பதில், ஸ்போக்ஸ் கம்பியை விரலால் சுண்டிச் சத்தத்திலேயே இழுவை சொல்வதில், ஹப் ஓவராயில் செய்வதில் அவருக்கு ஈடாகப் பெருநகரத்துக் கடைகளில் ஆள் கிடைப்பது கஷ்டம். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற சைக்கிள் அத்தனையும் இவர்கள் கையில்தான் உயிரோடு ஓடுகின்றன. வீலைக் கொடுங்கள், ஹப்பைக் கொடுங்கள். சஸ்பென்ஷனையும் டிஸ்க்கையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க் கேன் டிஸ்க் பக்கம் போகாமல் பக்கத்தில் நின்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். "அண்ணே, இது மட்டும் வேண்டாம்" என்றால் எந்த அண்ணனும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

14. காலண்டரைக் கிலோமீட்டரில் போடாதீர்கள், காற்றில் போடுங்கள். வைகாசி வாக்கில் கச்சான் தூக்க ஆரம்பித்தால் தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்து மணல் தனுஷ்கோடிச் சாலையின் குறுக்கே ஓடும். அந்த மாதங்களில் ஒவ்வொரு சவாரிக்கும் துணி, வாளி, செயின் வேலை கட்டாயம். புரட்டாசியில் காற்று இறங்கியதும் ஃபோர்க்கையும் எல்லா மூட்டையும் திறந்து பாருங்கள், மழைக்கு முன்னால் புது கிரீஸ் இருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்க்கரைச் சேறு. தையில் மறுபடி ஒரு முழு ஓவராயில். நடுவில் இரண்டு வாரம் வெளியூர் போகிறீர்கள் என்றால், போவதற்கு முந்தின நாள் கழுவித் துடைத்து செயினுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். ஓட்டாத சைக்கிளுக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். அதற்குத்தான் இந்த ஊரில் அதிகம் வேண்டும்.

15. இன்னும் வாங்காதவர்களுக்கு. ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் இருபது நிமிடமும், வருடத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் கொடுக்க முடியும் என்றால் டபுள் சஸ்பென்ஷன் வாங்குங்கள், கண்மாய்க்கரையில் சந்தோஷமாக ஓட்டுங்கள். முடியாது என்றால் முன்பக்கம் மட்டும் ஃபோர்க் வைத்த அலுமினிய சைக்கிள் வாங்கிக்கொள்ளுங்கள். பிவட் கிடையாது, பின் ஷாக் கிடையாது, கெட்டுப்போகப் பாதி இடமே இல்லை. பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் ஓட்ட அதுவே தாராளம்.